உறிஞ்சும் குழலும் பீய்ச்சும் ஊசியும்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம் ஆகிய ஊர்களைக் கடந்து இருங்காட்டுக்கோட்டையை அடைவர். அவ்வூரைப் பலரும் ஹூண்டாய் தொழிற்சாலையால் அறிவர். அங்கே 1990 முதல் மோட்டார் பந்தயத்தளம் ஒன்றும் இருக்கிறது என்பதை அறிந்தோர் அத்துணைப் பேர் அல்லர். ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் கொண்ட அத்தளத்தை அமைத்தது, 1953இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். அதற்கு முன் பல்லாண்டுகள் பந்தயங்கள் சோழவரத்தில் நடந்தன. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். சோழவரத்துப் பந்தயத்தைக் காணச் சைக்கிளில் சென்ற முதியவர்கள் நம் பங்கில் இன்றும் உள்ளனர். அதைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்குப் பேச்சு ஓயாது.

இப்பந்தயத்தளத்தின் பொருட்டு நம் பங்கைச் சேர்ந்த ஒரு வீட்டில் தந்தையும் மகனும் ஏறத்தாழ ஆறு மாத காலம் முகங்கொடுத்துப் பேசாதிருந்தனர். தந்தை கரையான்சாவடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மெக்கானிக் ஷெட் நடத்துபவர். மகன் பொறியியல் பட்டம் பெற்று, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணியாற்றுபவர். இருவருக்கும் பொதுவான ஓர் ஆசை உண்டு. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி எஸ்டீம் கார் ஒன்றை ஷெட்டில் பிரித்துப் போட்டு வைத்திருந்தார்கள். கட்டணம் செலுத்தித் தத்தம் வண்டியை ஓட்டிப் பார்க்க இருங்காட்டுக்கோட்டைத் தளம் திறந்துவிடப்படும் நாட்களில் அதை வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதே அந்த ஆசை. செலவுக்கு அந்த வீட்டுத் தாய் சீட்டுப் பிடித்துச் சேர்த்த தொகை இருந்தது. சிக்கல் எழுந்தது எஞ்சினுக்கு எரிபொருளை எப்படி ஊட்டுவது என்பதில். பழைய வெபர் கார்புரேட்டர் இரண்டை வாங்கிப் பக்கவாட்டில் பொருத்த வேண்டும் என்றார் தந்தை. கார்புரேட்டரையே கழற்றி எறிந்துவிட்டுக் கணிப்பொறி இயக்கும் இன்ஜெக்‌ஷன் வைக்க வேண்டும் என்றார் மகன். சீட்டுப் பணமோ ஒன்றுக்குத்தான் போதும்.

தாய் நம்மிடம் வந்தார். "ஃபாதர், நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க. எது வேணா வாங்கட்டும், வீட்ல பேசிக்கிட்டாப் போதும்" என்றார்.

பங்குத்தந்தைக்கும் கார்புரேட்டருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். நாம் எந்திரவியல் கற்றவரல்லோம். குருமடத்தில் நமக்குக் கற்பித்தவை மெய்யியலும் இறையியலும், அவற்றுக்கு வேண்டிய அளவு இலத்தீனும். ஆயினும் அந்த இலத்தீன் இங்கே சற்றுக் கைகொடுத்தது. 'கார்போ' என்பது கரி; காற்றோடு கரிமப்பொருளைச் சேர்ப்பது கார்புரேட்டர். 'இன்' என்பது உள்ளே. 'யாச்செரே' என்பது எறிதல். உள்ளே எறிவது இன்ஜெக்‌ஷன். இவ்விரு சொற்களிலேயே வழக்கின் பாதி அடங்கியிருக்கிறது. கார்புரேட்டரில் எரிபொருளை எவரும் எறிவதில்லை. எஞ்சின் மூச்சை இழுக்க, அந்த மூச்சோடு அது தானே ஏறி வருகிறது. இன்ஜெக்‌ஷனிலோ எவ்வளவு, எப்போது என்று கணக்கிட்டு அழுத்தத்தோடு பீய்ச்சப்படுகிறது. மீதிப் பாதியை அறிய நாம் இருவரிடமும் தனித்தனியே சென்று கேட்டோம். கிடைத்த நூல்களையும் படித்தோம்.

கார்புரேட்டரின் தத்துவத்தைத் தந்தை நமக்கு ஒரு பழைய கார்புரேட்டரைக் கையில் கொடுத்தே விளக்கினார். உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய வார்ப்பு. காற்றுச் செல்லும் குழாய் நடுவே சற்று இடுங்கியிருக்கிறது. அகன்ற தெருவில் மெல்ல வரும் காற்று குறுகிய சந்தில் நுழையும்போது விரைவதுபோல, அவ்விடுங்கிய கழுத்தில் காற்றின் வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அக்கழுத்தில் ஒரு நுண்ணிய துளை உண்டு. அதை 'ஜெட்' என்பர். பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்தில் மிதவை ஒன்று பெட்ரோல் மட்டத்தை ஒரே நிலையில் வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்த கழுத்து, கிண்ணத்துப் பெட்ரோலை ஜெட் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. பெட்ரோல் பனித்துளிபோலச் சிதறிக் காற்றோடு கலந்து எஞ்சினுள் செல்கிறது. கம்பியில்லை, மின்சாரமில்லை, கணிப்பொறியில்லை. செர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் இத்தகைய தெளிப்பு கார்புரேட்டரை உருவாக்கியது 1893இல். அதே ஆண்டில் அங்கேரியில் தோனாத் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவரும் இதற்குக் காப்புரிமை பெற்றனர். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் உலகின் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகள் இந்த மூச்சுக்காற்றின் தயவிலேயே ஓடின.

ஆயினும் இதில் ஒரு நெருக்கடி உண்டு. பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். பந்தயத்தில் முழு ஆற்றலும் வேண்டும்போது அதைவிடச் சற்றுச் செறிவாக, ஏறத்தாழ பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்றே போதும். இக்கணக்கை ஒரு துளையாலும் ஒரு கழுத்தாலும் எல்லா வேகங்களிலும் காக்க வேண்டும். கழுத்தைச் சிறிதாக்கினால் குறைந்த வேகத்தில் உறிஞ்சல் நன்றாக இருக்கும். ஆனால் உச்ச வேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பெரிதாக்கினால் உச்சத்தில் தாராளமாக மூச்சு விடும்; ஆனால் வளைவிலிருந்து வெளிவந்து முடுக்கும்போது உறிஞ்சல் போதாமல் எஞ்சின் ஒரு கணம் விக்கும். ஆகவே கார்புரேட்டர் கட்டியவர்கள் ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வோர் ஒட்டு வைத்தார்கள். குறைந்த வேகத்துக்குத் தனி ஜெட், திடீரென முடுக்கும்போது பீய்ச்ச ஒரு சிறு பம்ப், குளிரில் கிளப்ப ஒரு சோக் என அவை பெருகின. "ஒரு கார்புரேட்டருக்குள்ள அஞ்சு கார்புரேட்டர் இருக்கு ஃபாதர்" என்று தந்தை சொன்னது மிகையன்று.

பந்தய கார்களில் இந்நெருக்கடிக்குக் கிடைத்த சிறந்த விடை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனிக் கழுத்து. நான்கு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர் என்றால், அருகிலுள்ள சிலிண்டருக்கு ஓர் அளவும் தொலைவிலுள்ளதற்கு வேறோர் அளவுமாகவே பெட்ரோல் போய்ச் சேரும். ஒரே பானைச் சோற்றைப் பந்தியின் இரு முனைக்கும் பரிமாறுவது போன்றது அது. இத்தாலியில் போலோஞ்ஞா நகரின் எதோர்தோ வெபர் தொடங்கிய நிறுவனத்தின் இரட்டைக் கழுத்து கார்புரேட்டர்கள் இக்குறையைத் தீர்த்தன. 1962இல் வந்த ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்னும் புகழ்பெற்ற காரின் பன்னிரண்டு சிலிண்டர்களுக்கும் ஆறு வெபர் கார்புரேட்டர்கள் இருந்தன. தந்தை வாங்க விரும்பியவையும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. அவருடைய ஆசை பழமைப்பற்று மட்டுமன்று. அதற்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது.

அவருடைய வாதத்தில் இன்னொரு வலுவும் உண்டு. அதை மகன் பொருட்படுத்தவேயில்லை. திரவம் ஆவியாகும்போது சூழலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனாலேயே. கார்புரேட்டரில் பெட்ரோல் வெகு முன்னதாகவே காற்றோடு கலந்துவிடுவதால், வழி நெடுக ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று செறிவானது. செறிவான காற்றால் ஆற்றல் கூடும். ஆகவே வேகம் மாறாமல், முழுமூச்சாக ஓடும் நிலையில், நன்றாக அமைக்கப்பட்ட கார்புரேட்டர் இன்ஜெக்‌ஷனுக்குச் சற்றும் தாழ்ந்ததன்று.

இரண்டாம் உலகப்போரில் ரோல்ஸ்ராய்ஸ் பொறியாளர்கள் தம் மெர்லின் எஞ்சினில் கார்புரேட்டரை விடாமல் வைத்திருந்ததற்கு இக்குளிர்ச்சியே ஒரு காரணம். இந்த மெர்லின் கதையை நாம் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 1940இல் பிரிட்டன் வான்போரின்போது, ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்னும் பிரிட்டிஷ் போர்விமானங்களில் இருந்தது மெர்லின். எதிரே வந்த செர்மானிய மெசர்ஷ்மிட் 109 விமானங்களின் எஞ்சினில் எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. செர்மானிய விமானி துரத்தப்பட்டால் மூக்கைச் சட்டென்று கீழே தாழ்த்திப் பாய்வார். பிரிட்டிஷ் விமானி அவ்வாறே பின்தொடர்ந்தால் அவருடைய எஞ்சின் இருமி நின்றுவிடும். விமானம் திடீரெனக் கீழே சாயும்போது, மேடு தாண்டும் பேருந்தில் நம் உடல் இருக்கையைவிட்டு எழும்புவதுபோல, கிண்ணத்துப் பெட்ரோல் மேலே எழும்பிவிடும். ஜெட்டுக்குப் பெட்ரோல் எட்டாது. அடுத்த கணம் மிதவை நிலைதடுமாறி, பெட்ரோல் வெள்ளமாகப் பெருகி எஞ்சினை மூழ்கடிக்கும். ஆகவே பிரிட்டிஷ் விமானிகள் விமானத்தைப் பாதி புரட்டிய பின்னரே பாய வேண்டியிருந்தது. அதற்குள் எதிரி தப்பிவிடுவார்.

இதைத் தீர்த்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர். ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத்தளத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டிப் பதக்கம் பெற்றவர். அவர் புதிய கார்புரேட்டர் எதையும் செய்யவில்லை. எஞ்சின் முழுவேகத்தில் எவ்வளவு பெட்ரோலை எரிக்குமோ அவ்வளவு மட்டுமே உள்ளே வரும்படி, நடுவே அளந்து துளையிட்ட சிறு பித்தளைத் தடுப்பு ஒன்றைப் பெட்ரோல் குழாயில் செருகினார். வெள்ளம் நின்றது. 1941இல் அவரும் சிறு குழுவினரும் விமானத்தளம் தோறும் சென்று இதைப் பொருத்தினர். தலைகீழாக நெடுநேரம் பறக்க அது உதவவில்லைதான். ஆனால் அவ்வேளையில் வேண்டியிருந்தது அதுவன்று. இக்கதையைத் தந்தையிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு நமக்கு மறக்காது. "வாஷர் போட்டு சரிபண்ணிருக்காங்க! நம்ம ஆளு ஃபாதர் அந்தம்மா" என்றார். அன்று முதல் ஷில்லிங் அம்மையார் கரையான்சாவடி ஷெட்டில் ஒரு பெயர்.

வானத்தில் நேர்ந்தது பந்தயத்தளத்திலும் சிறிய அளவில் நேர்கிறது. பன்னிரண்டு வளைவுகளில் கார் இடமும் வலமும் சாய்கையிலும், நேர்ப்பாதையின் முடிவில் கடும் பிரேக் அடிக்கையிலும் கிண்ணத்துப் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்குகிறது. வளைவிலிருந்து வெளிவரும் கணத்தில்தான் ஓட்டுநருக்கு எஞ்சின் வேண்டும்; அக்கணத்தில்தான் அது விக்குகிறது. இதைத் தந்தையும் மறுக்கவில்லை. கிண்ணத்தின் மட்டத்தையும் மிதவையின் எடையையும் மாற்றி இதை எவ்வாறு குறைப்பது என்று அரைமணி நேரம் விளக்கினார். குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

இன்ஜெக்‌ஷன் பந்தயத்தில் புகுந்த வரலாறும் செர்மானியரிடமிருந்தே வருகிறது. மெர்சிடஸ் நிறுவனத்தின் 300 எஸ்.எல். பந்தய கார் 1952இல் மூன்று கார்புரேட்டர்களோடு ஏறத்தாழ 170 குதிரைத்திறன் தந்தது. 1954இல் நேரடி இன்ஜெக்‌ஷனோடு விற்பனைக்கு வந்த அதே பெயர் கொண்ட கார் 215 குதிரைத்திறன் தந்தது. அதே 1954இல் ஃபிரான்சின் ரீம்ஸ் நகரில், இன்ஜெக்‌ஷன் பொருத்திய மெர்சிடஸ் பந்தய கார்கள் தம் முதல் ஃபார்முலா ஒன் போட்டியிலேயே முதலிரண்டு இடங்களையும் பெற்றன. ஆயினும் வெபர்கள் உடனே ஒழிந்துவிடவில்லை. அறுபதுகளில் ஆங்கிலேய லூகாஸ் நிறுவனத்தின் எந்திரவகை இன்ஜெக்‌ஷன் வந்து, 1967இல் காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சினில் அமர்ந்த பிறகே ஃபார்முலா ஒன் உலகம் திரும்பியது. அவ்வெஞ்சின் 155 பந்தயங்களை வென்றது. அம்பத்தூரை அடுத்த பாடியில் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்த லூகாஸ் டி.வி.எஸ். ஆலை, அதே லூகாஸ் நிறுவனத்தின் கூட்டோடு 1961இல் தொடங்கப்பட்டதே. அங்கே செய்தவை ஸ்டார்ட்டர், டைனமோ போன்ற மின்கருவிகள். பந்தய இன்ஜெக்‌ஷன் அல்ல. எனினும் நம் பகுதித் தொழிலாளர் பலரின் சீருடையில் இருந்த பெயர், உலகப் பந்தயத்தளங்களில் எஞ்சின்மேல் பொறிக்கப்பட்டிருந்தது என்பதை எண்ணி மகிழ்கிறோம்.

மின்னணு வந்தது அதன் பிறகு. செர்மனியின் பாஷ் நிறுவனம் 1967இல் மின்னணு இன்ஜெக்‌ஷனை ஃபோக்ஸ்வாகன் காரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. மகன் காட்டிய இன்ஜெக்டர் சுண்டுவிரல் அளவே இருந்தது. உள்ளே ஒரு காந்தச்சுருள், ஒரு ஊசி. மின்சாரம் பாய்ந்தால் ஊசி விலகும், பெட்ரோல் தெறிக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது, ஒரு சிலிண்டர் ஒருமுறை உண்டு, எரித்து, உமிழ்ந்து முடிக்க ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. அதற்குள் ஊசி திறந்து மூட வேண்டும்; எத்துணை நேரம் திறந்திருப்பது என்பதைக் காற்றின் அழுத்தம், வெப்பம், எஞ்சினின் வேகம், ஓட்டுநரின் கால் அழுத்தம் ஆகியவற்றை அளந்து கணிப்பொறி முடிவு செய்ய வேண்டும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்தது சரியா என்று பார்த்துச் சொல்கிறது. கார்புரேட்டருக்கு இந்தப் பின்னோக்கும் கண் கிடையாது. அதற்குக் கண்ணாக இருந்தவர் மெக்கானிக்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டைத் தளத்தின் தொடக்க ஆண்டுகளில் ஓடியவை கார்புரேட்டர் வண்டிகளே. மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய கார்களை உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த வண்டி தருவிக்க இயலாத இளைஞர்க்கும் பந்தயக் கதவைத் திறந்துவிட்டவர் அவர். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைப் பந்தயத்தளம் அவர் பெயரைத் தாங்குகிறது. பின்னர் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக உயர்ந்த நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதியே. அக்காலத்தில் இத்தளத்துக்கு உதவியாளராகச் சென்று ஜெட் மாற்றிய கைகளில் நம் தந்தையின் கைகளும் உண்டு.

காற்றை அவர் நுகர்ந்தே அறிவார். காலை ஏழு மணிக்கு 25 பாகை வெப்பம்; பிற்பகல் இரண்டு மணிக்கு 40. இவ்வேறுபாட்டில் காற்றின் செறிவு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. காலையில் சரியாக இருந்த கலவை மதியத்தில் செறிந்துவிடும். தந்தை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார். கருமை என்றால் பெட்ரோல் மிகுதி. வெளுப்பு என்றால் குறைவு. காப்பித்தூள் நிறம் என்றால் சரி. பிறகு சட்டைப்பையில் உள்ள சிறு டப்பாவிலிருந்து வேறொரு ஜெட்டை எடுத்து மாற்றுவார். ஒரு ஜெட்டின் துளைக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாடு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

அவ்வித்தைக்கு விலை போனது தொண்ணூறுகளோடு. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது; புதிய கார்களில் புகையைத் தூய்மையாக்கும் மாற்றி கட்டாயமாயிற்று. அக்கருவி செவ்வனே இயங்கக் கலவை 14.7 என்னும் கணக்கைவிட்டு நகராதிருக்க வேண்டும். ஜெட்டும் மிதவையும் அத்துணைத் துல்லியத்தைத் தர இயலாது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தே சான்ட்ரோ கார் வெளிவந்தது, இன்ஜெக்‌ஷனோடு. பந்தயத்தளத்தில் கார்புரேட்டர்கள் உறுமிக்கொண்டிருக்க, அவ்வூரின் தொழிற்சாலை அவற்றின் காலத்தை முடித்துக்கொண்டிருந்தது. "முதல் சான்ட்ரோ என் ஷெட்டுக்கு வந்தப்ப பானெட்டத் தூக்கிட்டு, எங்க கை வைக்கறதுன்னு தெரியாம மூடிட்டேன்" என்று தந்தை நம்மிடம் சொன்னார். ஸ்கேனர் வாங்க அன்று அவரிடம் பணமில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்தில் அவ்வாறு பானெட்டை மூடிய ஷெட்டுகள் பல. சில மோட்டார் சைக்கிளுக்கு மாறின. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிமுறை வந்து, புதிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் மறைந்தது.

இனி, இருவரிடமும் கேட்டபின் நாம் கொண்ட கருத்தைச் சொல்லலாம். பந்தய காருக்கு இன்ஜெக்‌ஷனே தகும். ஆனால் மகன் கூறிய காரணத்துக்காக அன்று. இன்ஜெக்‌ஷன் வைத்தால் குதிரைத்திறன் தானே கூடிவிடும் என்று அவர் நம்பினார். மாருதி 800 காரையே எடுத்துக்கொள்வோம். அதே 796 சி.சி. எஞ்சினில் இன்ஜெக்‌ஷன் வந்தபோதும் ஆற்றல் ஏறத்தாழ 37 குதிரைத்திறன் அளவிலேயே நின்றது. 2000இல் வந்த ஐந்து கியர் வண்டி 45 தந்தது. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்து அதன் மூச்சுவழியை அகலமாக்கியிருந்தார்கள். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் 2011 வரை கார்புரேட்டர்களே இருந்தன. மணிக்கு இருநூறு மைலை ஒட்டிய வேகத்தில் அவை ஓடின. 2012இல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது வேகத்தைக் கூட்டுவதற்காக அன்று. கடைகளில் விற்கும் கார்களுக்கும் பந்தய கார்களுக்கும் இடையே இருந்த இடைவெளி நகைப்புக்குரியதாகிவிட்டது என்பதற்காக.

இன்ஜெக்‌ஷனின் மேன்மை உச்சியில் இல்லை. உச்சிக்கும் அடிக்கும் இடைப்பட்ட இடமெல்லாம் அதற்கு உரியது. வளைவில் பெட்ரோல் ஒதுங்குவதில்லை. மதிய வெயிலில் கலவை மாறுவதில்லை. உறிஞ்சலுக்காகக் கழுத்தை இடுக்க வேண்டிய தேவையே இல்லாததால், காற்றுவழியை எத்துணை அகலமாகவும் வைக்கலாம். அங்கேதான், அதுவும் எஞ்சினில் வேறு வேலைகளும் செய்தால்தான், ஆற்றல் கூடுகிறது. பந்தயத்தில் ஓட்டுநர் கால் எப்போதும் முழுவதும் அழுந்தியிருப்பதில்லை. மிதிப்பதும் விடுவதுமாகக் கழியும் அப்பொழுதுகளில்தான் நொடிகள் சேர்கின்றன.

இப்போது பெட்ரோலும் மாறியிருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் விற்கப்படுகிறது. எத்தனாலுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே இக்கலவைக்கு ஏறத்தாழ பதின்மூன்றரைப் பங்கு. பழைய பெட்ரோலுக்குத் துளையிட்ட ஜெட் இதற்குப் போதாமல் எஞ்சின் வறண்டு எரிகிறது. முழுவேகத்தில் வறட்சி நீடித்தால் பிஸ்டன் உருகும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி தன்னைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டர் வைத்திருப்பவர் தாமே ஜெட்டை மாற்ற வேண்டும். பழைய ரப்பர் வளையங்களையும் கவனிக்க வேண்டும். இதைத் தந்தை நமக்கு முன்னரே அறிந்திருந்தார். ஷெட்டுக்கு வந்த பழைய வண்டிகளின் பிளக்குகள் வெளுத்திருந்ததைப் பார்த்துத் தாமே கண்டுபிடித்திருந்தார்.

ஆனால் மகனிடம் ஒரு கேள்விக்கு விடை இல்லை. கடையில் வாங்கும் கணிப்பொறிப் பெட்டி வெறும் பெட்டி. எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று நூற்றுக்கணக்கான கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை ஒருவர் நிரப்ப வேண்டும். தொழிற்சாலையில் இதைச் செய்யப் பொறியாளர் குழுவும் பல மாதங்களும் உண்டு. கரையான்சாவடியில் யார் செய்வது? நாம் அவ்விருவரையும் ஒரு ஞாயிறு மாலை பங்கு இல்லத்துக்கு அழைத்து, தீர்ப்பு எதுவும் கூறாமல், இக்கேள்வியை மட்டும் மகனிடம் கேட்டோம். அவர் இணையத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தந்தை நம்மைப் பார்த்து, "அதுல காசு போனா போவட்டும், எஞ்சின் போச்சுன்னா?" என்றார். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மகன், "அப்பா, நீங்க பிளக்கப் பாத்துச் சொல்லுங்க, நான் மாத்தறேன்" என்றார். ஆறு மாதத்தில் அதுவே அவர் தந்தையிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை என்று தாய் பின்னர் நம்மிடம் கூறினார்.

வெபர்கள் வாங்கப்படவில்லை. தந்தைக்கு அதில் வருத்தம் உண்டு, இன்றும் உண்டு. சீட்டுப் பணம் போதாமல் மேலும் சிறிது கடன் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னாளைய எஸ்டீம் ஒன்றின் இன்ஜெக்‌ஷன் பாகங்களைப் புதுப்பேட்டையில் தேடி எடுத்தார்கள். கணிப்பொறிப் பெட்டி மட்டும் புதிது.

இருங்காட்டுக்கோட்டைத் தளத்துக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் நாமும் உடன் சென்றோம். ஐந்து சுற்று ஓடிவிட்டு வண்டி வந்து நின்றது. மடிக்கணினியின் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. தந்தை திரையைப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் பிடித்துப் பிளக்கைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணாவது சிலிண்டர் மேல காயுது. மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்து" என்றார்.

அந்த வண்டியில் ஜெட் என்ற ஒன்றே இல்லை. மகன் தலையசைத்து, மூன்றாம் இன்ஜெக்டரின் கட்டங்களில் 4500 சுற்றுக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் நான்கு விழுக்காடு கூட்டினார்.

"ஏத்திட்டேன்ப்பா."

"சோக்க எடுத்துட்டுக் கிளம்பு" என்றார் தந்தை. அதில் சோக்கும் இல்லை.